இன்னும் வளரும் முழங்கால்

மியான்மர்க் காடுகளில் தேக்கு இழுக்கும் யானைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு உண்டு. எந்த நாளில் பிறந்தது, தாய் எது, எந்த முகாமில் வேலை, எப்போது கன்று போட்டது, எப்போது செத்தது என எல்லாம் அதில் இருக்கும். அரசு மரக் கழகத்துக்குச் சொந்தமான யானைகள் இவை. பகலில் பாகன் சொன்ன வேலை. பொழுது சாய்ந்தால் காட்டில் அவிழ்த்துவிடுவார்கள். நம் ஊர்க் கோயில் யானைக்குச் செய்வதுபோல் கவளம் உருட்டி வாயில் வைக்க அங்கே ஆளில்லை. தீனியைத் தானே தேட வேண்டும், கன்றையும் தானே காக்க வேண்டும்.

பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிர்க்கா லஹ்தென்பெரா, விர்ப்பி லும்மா குழுவினர் இந்தப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்கள். தாய் யானையின் தாய், அதாவது அம்மாச்சி யானை, அதே இடத்தில் இருந்தால் பேரக்கன்றுக்கு ஏதாவது லாபம் உண்டா? 2016-ல் வெளியான விடை இது: 20 வயது நிறையாத இளந்தாய் போட்ட கன்று, அம்மாச்சி கூடவே இருந்தால் சாகும் அபாயம், அம்மாச்சி வேறு இடத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால், எட்டில் ஒரு பங்குதான். வயதும் அனுபவமும் வந்த தாய்களிடம் இப்படியொரு வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் தாமே சமாளித்துக்கொள்கிறார்கள். அம்மாச்சி தேவைப்படுவது சின்னஞ்சிறு தாய்க்குத்தான்.

அந்த அம்மாச்சி கிழட்டு யானையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அதுவே இன்னும் கன்று போட்டுக்கொண்டிருக்கலாம். அதனால் பலன் குறையவில்லை. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த அத்தியாயம் பதினாறு பதினேழு வயது மகள் ஒரு நாள் சமையலறை வாசலில் நின்று "அம்மா, எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு" என்று சொல்லும் வீட்டைப் பற்றியது. சொல்லப்படும் அந்த அம்மாவுக்கு வயது முப்பத்தாறோ முப்பத்தெட்டோ இருக்கும். அவளுக்கே இன்னும் மாதவிடாய் நிற்கவில்லை. கடைசிப் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருக்கலாம். அடுத்த எட்டு மாதங்களில் அவள் பாட்டி.

இது ஏதோ புதிய கேடு என்று பேசுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. நம் நாட்டில் பெண்ணின் திருமண வயதை 14 என்று வைத்ததே 1929-ன் சாரதா சட்டம்தான். 18 ஆனது 1978-ல். நம் கொள்ளுப்பாட்டிகளில் பலர் முப்பதுகளிலேயே பேரன் பேத்தி எடுத்தவர்கள். அமெரிக்காவில் பதின்வயதுப் பேறு உச்சத்தில் இருந்த ஆண்டு 1957. 15 முதல் 19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு 96 பேறுகள். 2022-ல் அது 14-ஐக்கூட எட்டவில்லை. 1957-ல் அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததால் யாரும் அதை ஒரு பிரச்சினையாகவே எண்ணவில்லை. ஆனால் கல்யாணம் ஆனதா இல்லையா என்று எலும்புக்குத் தெரியாது. உடம்பின் கதையிலிருந்தே தொடங்குவோம்.

நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டன் ஏழைகள் நிறைந்த ஊர். அங்கே கருவுற்று வந்த பதின்வயதுப் பெண்களை தெரசா ஷோல் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் கவனித்தார். அவருக்கு ஒரு சந்தேகம்: இந்தப் பெண்கள் இன்னும் வளர்கிறார்களா? பெரியமனுஷி ஆகி இரண்டு மூன்று வருஷம் போனால் வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிடும் என்பதே அன்றைய மருத்துவ நம்பிக்கை. சுவரில் நிற்க வைத்து உயரம் பார்த்தால் அது சரி என்றுதான் தோன்றும். சில பெண்கள் கர்ப்பகாலத்தில் கொஞ்சம் குட்டையாகிக்கூட இருந்தார்கள்!

குட்டையானதற்குக் காரணம் முதுகெலும்பு. வயிற்றில் பாரம் ஏற ஏற முதுகு உள்வாங்கி வளைகிறது, முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தைகள் அமுங்குகின்றன. உயர அளவுகோல் இப்படி ஏமாற்றியதால் ஷோல் குழுவினர் முழங்காலைப் பிடித்தார்கள். பெண்ணை உட்கார வைத்து, குதிகாலிலிருந்து முழங்கால் மேட்டுவரை ஒரு நுட்பமான கருவியால் அளந்தார்கள். மில்லிமீட்டர் சுத்தமாகக் காட்டும் கருவி. அமுங்குவதற்கு அங்கே மெத்தை இல்லை. எலும்பு நீண்டால் அப்படியே தெரிந்துவிடும். சில மாதங்கள் விட்டு மறுபடி அளந்தபோது, ஏறக்குறைய பாதிப் பெண்களுக்குக் கால் நீண்டிருந்தது. வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டே அவர்கள் வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்துத் தெரிந்ததுதான் முக்கியம். வளரும் பெண்கள் வளராத பெண்களைவிட அதிக எடை போட்டார்கள். அப்படியானால் குழந்தையும் கொழுகொழுவென்று பிறந்திருக்க வேண்டும். பிறந்ததோ எடை குறைந்த குழந்தை. பேறுகாலத்தின் கடைசி மாதங்களில் தாயின் உடம்பு தான் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துக் குழந்தைக்கு அனுப்புவதுதான் வழக்கம். வளரும் பெண்ணின் உடம்பு அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே தட்டில் இரண்டு பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். மூத்த பிள்ளையின் கை கொஞ்சம் நீளம்.

ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஜாக்குலின் வாலஸ் இதையே செம்மறிகளிடம் சோதித்துப் பார்த்தார். பருவம் எட்டியும் வளர்ச்சி முடியாத பெட்டையாடுகளைச் சினையாக்கி, வேகமாக வளரும்படி தீனியைக் கொட்டிக் கொடுத்தார். தாய் தளதளவென்று வளர்ந்தது, நஞ்சுக்கொடி சிறுத்துப்போனது, குட்டி நாள் முந்தி, மெலிந்து பிறந்தது. இதைப் படித்துவிட்டு "அப்போ பொண்ணுக்குச் சோத்தைக் குறைக்கணும் போல" என்று யாரும் கிளம்ப வேண்டாம். பட்டினி போட்டால் இருவருமே கெடுவார்கள். பதினேழு வயது வயிற்றில் யாருக்கு முதல் பந்தி என்ற போட்டி நடக்கிறது என்பது மட்டுமே இந்தச் சோதனையின் பாடம்.

இடுப்பெலும்பு இன்னொரு கதை. உயரம் நின்ற பிறகும் அது விரிந்துகொண்டிருக்கும். பேற்றுப்பாதை மிகச் சாதகமான அகலத்துக்கு வருவது இருபதுகளின் பிற்பாதியில் என்று சூரிக் ஆய்வாளர்கள் 2016-ல் காட்டினார்கள். இரத்தசோகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவின் 15-19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கு அது இருக்கிறது. பேறுகால வலிப்பு, பேற்றுக்குப் பிந்தைய கருப்பைத் தொற்று இரண்டும் 20-24 வயதுத் தாய்களைவிடப் பதின்வயதுத் தாய்களுக்கே அதிகம் வருகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதில் வயதின் பங்கு எவ்வளவு, வறுமையின் பங்கு எவ்வளவு என்பது பழைய வழக்கு. என் கணிப்பு இது: பதினைந்துக்குக் கீழே என்றால் உடம்பே எதிரி. பதினெட்டு பத்தொன்பதில் நல்ல சாப்பாடும் ஒழுங்கான பரிசோதனையும் கிடைத்தால் அபாயத்தில் பெரும்பகுதி கரைந்துபோகிறது. இடைப்பட்ட வயதுகளில் கரையுமா கரையாதா என்பது வீட்டைப் பொறுத்தது. வீடு என்றால் பெரும்பாலும் அவளுடைய அம்மா.

பாட்டிகளைப் பற்றி மானிடவியல் அக்கறையோடு யோசிக்கத் தொடங்கியது 1980-களில். தான்சானியாவின் ஏயாசி ஏரிக்கரையில் வேட்டையும் கிழங்குமாக வாழும் ஹட்சா மக்களிடம் போன கிறிஸ்டன் ஹாக்ஸ், ஜேம்ஸ் ஓகானெல், நிக்கோலஸ் ப்ளர்ட்டன் ஜோன்ஸ் மூவரும் கண்ட காட்சி அவர்களையே திகைக்க வைத்தது. பாறையிடுக்கில் கழி போட்டுக் குத்தி ஆழக் கிழங்கு தோண்டுவதில் கெட்டிக்காரிகள் தலை நரைத்த கிழவிகள். மகள் கைக்குழந்தையோடு முடங்கிய மாதங்களில் மூத்த பிள்ளையின் எடை ஏறுவதும் இறங்குவதும், பாட்டி எத்தனை நேரம் தோண்டினாள் என்பதோடு சேர்ந்தே போனது. மனுஷி ஏன் மாதவிடாய் நின்ற பிறகும் முப்பது வருஷம் வாழ்கிறாள் என்ற கேள்விக்கு விடையாக "பாட்டிக் கருதுகோள்" வலுப்பெற்றது இந்தக் கிழங்குக் குழியில்தான்.

எந்தப் பாட்டி என்பதும் முக்கியம். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் சில கிராமங்களில் ஐயன் மெக்கிரகர் என்ற மருத்துவர் 1950 முதல் பிறப்பையும் இறப்பையும் எடையையும் குறித்து வைத்திருந்தார். பிற்காலத்தில் ரெபெக்கா சியர், ரூத் மேஸ் இருவரும் அவற்றை ஆராய்ந்தபோது, பால்மறக்கும் வயதுக் குழந்தை பிழைப்பதற்கும் தாய்வழிப் பாட்டி உயிரோடு இருப்பதற்கும் தெளிவான தொடர்பு தெரிந்தது. தந்தைவழிப் பாட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான். நமக்கு மதுரைப் பக்கம் அம்மாச்சி வேறு, அப்பத்தா வேறு, கொங்கில் அம்மாயி, யாழ்ப்பாணத்தில் அம்மம்மா. தலைப்பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருகிற நம் ஊருக்குக் காம்பியா முடிவு ஆச்சரியம் தராது.

இவையெல்லாம் பாட்டியாகத் தயாராக இருந்த பாட்டிகளைப் பற்றிய செய்திகள். முப்பத்தாறு வயதில், கேட்காமலேயே அந்தப் பட்டம் வந்து விழுந்தால்?

1980-களில் லிண்டா பர்ட்டன் என்ற சமூகவியலாளர் லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பினக் குடும்பங்களில் இதைத்தான் விசாரித்தார். அவர் பேசிய இளம்பாட்டிகளின் வயது 25 முதல் 38. (25 வயதுப் பாட்டி! கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.) அவர்களில் பெரும்பாலோர் அந்தப் பொறுப்பை ஏற்க மறுத்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள், தங்களுக்கே சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள், சிலருக்கு அப்போதுதான் ஒரு காதல் துளிர்த்திருந்தது. பாட்டி என்று யாராவது கூப்பிட்டாலே எரிச்சல். மறுத்த பாரம் எங்கே போனது? ஒரு படி மேலே, கொள்ளுப்பாட்டியிடம். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் தன் மகளையும் பேத்தியையும் கொள்ளுப்பேரனையும் சேர்த்துச் சுமந்தாள்.

சில ஆண்டுகள் கழித்து அதே பர்ட்டன் வேறொரு சிற்றூரின் கறுப்பினக் குடும்பங்களுக்குப் போனார். அங்கே நிலைமை தலைகீழ். பதின்வயதில் மகள் பெறுவதும், அந்தக் குழந்தையை அம்மா வளர்ப்பதும் அங்கே எழுதாத ஒப்பந்தம். அந்த அம்மாவை வளர்த்தது அவளுடைய பாட்டி. ஆகவே இப்போது அவள் முறை. ஏறக்குறைய அதே வயது, அதே ஏழ்மை. ஓரிடத்தில் பாட்டி முகம் திருப்பிக்கொள்கிறாள், இன்னோரிடத்தில் கை நீட்டி வாங்கிக்கொள்கிறாள். அவள் எதை எதிர்பார்த்து வளர்ந்தாள் என்பதுதான் வித்தியாசம். மகளின் செய்தி கேட்டு முதல் வாரம் கோபமும் அவமானமும் மட்டுமே மிஞ்சும் அம்மாவுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: உன்னிடம் பாசம் குறைவில்லை, உன் நாட்காட்டியில் இது இல்லை, அவ்வளவே.

பிறகு அந்தப் பாசம் எங்கே போய் நிற்கிறது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. எமரி பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ரில்லிங் 50 பாட்டிகளை மூளை ஸ்கேன் கருவியில் படுக்க வைத்துப் படங்களைக் காட்டினார். 2021-ல் வெளிவந்த ஆய்வு. பேரக்குழந்தையின் படம் வந்தபோது, பிறர் உணர்வைத் தன் உணர்வாகவே வாங்கிக்கொள்ளும் மூளைப்பகுதிகள் கிளர்ந்தன. அது சிரித்தால் இவளும் சிரிக்கிறாள், அழுதால் இவளுக்கும் தொண்டை அடைக்கிறது. தான் பெற்ற மகன் அல்லது மகளின் படம் வந்தபோது கிளர்ந்தவை வேறு பகுதிகள்: இவர் என்ன நினைக்கிறார், ஏன் இப்படிச் செய்கிறார் என்று புரிந்துகொள்ள முயலும் பகுதிகள். பேரன் நெஞ்சுக்கு, மகள் யோசனைக்கு.

ரில்லிங் சோதித்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து ஆளானவர்கள். நம் கதையில் மகளே இன்னும் வளரவில்லை. குழந்தை பிறந்ததும் வீட்டார் கண்ணெல்லாம் தொட்டிலுக்குப் போய்விடும். முழங்கால் நீண்டுகொண்டிருக்கும் அந்த இன்னொரு குழந்தை மூலையில் பால் கட்டிய மார்போடு உட்கார்ந்திருக்கும். இளம் அம்மாச்சியின் முதல் வேலை பேரப்பிள்ளையை வளர்ப்பதல்ல, மகளை வளர்த்து முடிப்பது. இந்த அத்தியாயத்தில் நான் வாதிட விரும்புவது இது ஒன்றைத்தான்.

வாதத்துக்கு வலு பால்டிமோரிலிருந்து வருகிறது. 1960-களில் அந்நகரில் கருவுற்ற ஏறக்குறைய 400 பதின்வயதுப் பெண்களை ஃபிராங்க் ஃபர்ஸ்டன்பர்க் ஆய்வுக்கு எடுத்தார். அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் முப்பது வருஷம் பின்தொடர்ந்தார். ஊர் சாபமிட்டதுபோல் எல்லோரும் அழிந்துபோகவில்லை. கணிசமானோர் பிற்பாடு பள்ளியை முடித்து, அரசு உதவித்தொகையிலிருந்து வெளியேறி, வேலைக்குப் போனார்கள். முதல் ஓரிரு வருஷம் அம்மா வீட்டில் இருந்தவர்களுக்குப் படிப்பு கைகூடியது. ஆனால் ஐந்து வருஷம் கழித்தும் அங்கேயே இருந்தவர்கள் பின்தங்கினார்கள். தொடக்கத்தில் தோளாக இருந்த வீடு, நாளாக நாளாக அவளைப் பிள்ளையாகவே வைத்துவிட்டது. குழந்தை பாட்டியை அம்மா என்று கூப்பிடும். பெற்றவள் அக்காவைப்போல் ஆகிவிடுவாள்.

இந்த இழுபறி எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் புட்டிப்பாலைப் பாருங்கள். அதே பால்டிமோரில் குழந்தைநல ஆய்வாளர் மொரீன் பிளாக் கவனித்தது: குழந்தை இரவில் அழுகிறது, "பசி அடங்கலை, புட்டியில கொஞ்சம் கஞ்சிமாவு கலந்து குடு" என்கிறாள் பாட்டி. மருத்துவமனையில் அந்த மாதத்தில் திட உணவு கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பதினாறு வயதுப் பெண், அம்மா பேச்சை எப்படித் தட்டுவாள்? பிளாக் குழுவினர் பாட்டிகளைத் திட்டவில்லை. பதின்வயதுத் தாய்களையே துணைக்கு வைத்து ஒரு வீடியோ எடுத்தார்கள். அழும் குழந்தைக்குப் பசியைத் தவிர வேறென்ன இருக்கலாம், அம்மாவிடம் சண்டையில்லாமல் எப்படிப் பேசலாம் என்று அதில் இருந்தது. வீட்டுக்கே போய் அதைப் போட்டுக் காட்டிப் பேசினார்கள். உரிய மாதம்வரை காத்திருந்த தாய்களின் எண்ணிக்கை கூடியது. பின்னர் இன்னொரு சோதனையில், அக்கா முறையில் பழகும் இளம்பெண்கள் இரு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து பேசினார்கள். அப்படி யாரும் வராத பெண்களிடையே, இரண்டே ஆண்டுகளில் இரண்டாம் குழந்தை பெற்றவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு.

நம் வீடுகளில் கஞ்சிமாவுக்குப் பதில் சேனை. பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைத்தால் வைத்தவரின் குணம் வரும் என்பார்கள். சீம்பால் மட்டும்தான் முதல் உணவு. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு கக்கும். குணம் எப்படியும் வரும், அம்மாச்சி. கையை எடுத்துவிடுங்கள்.

செல்களின் கணக்கில் இந்த மூவரும் ஏற்கெனவே ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கர்ப்பத்தில் குழந்தையின் செல்கள் சில தாயின் இரத்தத்துக்குள் கடந்து வந்து தங்கிவிடுகின்றன. தாயின் செல்களும் குழந்தைக்குள் போகின்றன. ஆண் குழந்தை பெற்று 27 ஆண்டுகள் ஆன ஒரு தாயின் இரத்தத்தில் ஆண் செல்களை டயானா பியாங்கி 1996-ல் கண்டார். ஆக, கருவுற்ற அந்தப் பதினேழு வயது உடம்புக்குள் அவள் அம்மாவின் செல்கள் சிலவும் அவள் பிள்ளையின் செல்கள் சிலவும் இந்த நிமிஷம் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

மேலே சொன்ன குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15-19 வயதுப் பெண்களில் 6.8 சதவீதத்தினர் தாயாகிவிட்டவர்கள் அல்லது கருவுற்றிருந்தவர்கள். இவர்களின் அம்மாக்கள் மருத்துவமனைக்குப் போகத் தயங்குவதற்கு ஊர்ப் பேச்சு மட்டும் காரணமல்ல. பெண் 18 நிறையாதவள் என்றால் 2012-ன் போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். அந்தப் பயத்தில் மெடிக்கல் ஷாப் மாத்திரையிலும் கைவைத்தியத்திலும் வாரங்கள் போய்விடுகின்றன. இரத்தசோகையும் இரத்த அழுத்தமும் பார்க்கப்படாமலே ஆறாம் மாதம் வந்துவிடுகிறது. கருவைக் கலைப்பதா பெற்றெடுப்பதா என்று அவள் முடிவெடுக்கும் வாய்ப்பும் அதற்குள் போய்விடும். 2021 திருத்தத்துக்குப் பிறகு 18 நிறையாத பெண்ணுக்குச் சட்டம் அனுமதிப்பது 24 வாரம்வரைதான். கருக்கலைப்புக்கு வரும் 18 நிறையாத பெண்ணும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இது பல அம்மாக்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இப்படியொரு பெண் இருந்தால் அவள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், அவளை அழைத்துக்கொண்டு இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098; இரவிலும் எடுப்பார்கள்.